முப்பதுக்கு நாற்பது

ஹொரமாவில் என் மனை
முப்பதுக்கு நாற்பது.
முன்னால் சாலை, பின்னால் சம்ப்,
நடுவில் வீடு, வீட்டுக்கு மேலே
யாருடையது என்று பத்திரத்தில் எழுதாத வானம்.

வானத்துக்கான உரிமம் தில்லியிலிருந்து வந்தது.
தேர்வெழுதி, மோர்ஸ் தட்டி,
நாற்பத்தாறு வயதில் வாங்கினேன்.
இரும்புக்கு உரிமம் வார்டு ஆபீஸில்,
இரண்டாம் மாடி, லிஃப்ட் ஓடாது.

உதவிப் பொறியாளர் புட்டேகௌடா
என் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.
"மொபைல் டவரா?"
இல்லை.
"வாடகை எவ்வளவு தருவாங்க?"
யாரும் தர மாட்டார்கள்.
"பின்னே எதுக்கு?"
படிவத்தில் அதற்கு ஒரே ஒரு வரிதான் விட்டிருந்தது.
பேசுவதற்கு, என்று எழுதினேன்.
"போன் இல்லையா மேடம்?"

விதிப்புத்தகத்தில் இதற்கென்று பக்கம் இல்லை.
இல்லாத பக்கத்தை அவரே வாயால் எழுதினார்:
விழுந்தால் உங்க சைட்டுக்குள்ளயே விழணும்.

எனக்கு வேண்டியது ஐம்பதடி.
அன்றிரவு கரண்ட் பில்லின் முதுகில் போட்டுப் பார்த்தேன்.
முப்பது, நாற்பது,
மூலைக்கு மூலை ஐம்பது.
எட்டாம் வகுப்பில் என்னை வெளியே நிறுத்திவைத்த கணக்கு
இத்தனை வருஷம் கழித்து
எனக்காகச் சாட்சி சொல்ல வந்தது.
கன்னிமூலையில் நட்டால்
ஈசான்யத்தில் தலைவைத்துப் படுக்கும்.
தென்மேற்குக் காற்றும் அந்தப் பக்கம்தான் தள்ளும்.
வாஸ்து, பைதாகரஸ், பருவமழை
எல்லாம் ஒரே கோட்டில் வந்து நின்ற சந்தோஷத்தில்
நடுவே வீடு இருப்பது மறந்துவிட்டது.
விழுந்தால் என் படுக்கையறை மேல் விழும்.
அதற்குச் சட்டத்தில் தடையில்லை.

மேற்கு வீட்டு ருத்ரப்பா எதிர்ப்பு மனு கொடுத்தார்.
நகல் வந்தது. கன்னடத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன்.
இடி இறங்கும்.
முடி கொட்டும்.
மனை விலை போகாது.
காலை ஒன்பதுக்கு நிழல் தன் சோலார் ஹீட்டர் மேல் விழும்.
கடைசியாகச் சொன்னது நியாயம்தான்.
நடாத கோபுரத்தின் நிழலை
ஒரு மனிதர் அளந்திருக்கிறாரே என்று
கொஞ்சம் மரியாதைகூட வந்தது.
முடி விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன்:
என் பெட்டி நூறு வாட்,
முன்பு குளியலறையில் எரிந்த குண்டு பல்பு அளவு.
தவிர அவருக்குக் கொட்ட மீதியில்லை.

புட்டேகௌடா டேப்போடு வந்தார்.
மூலையில் நின்று அண்ணாந்து பார்த்தார்
இல்லாத ஐம்பதடியை.
பார்வை போய் ருத்ரப்பாவின் தென்னையில் முட்டியது.
அறுபதுக்குக் குறையாது,
என் மதில் பக்கமாய்ச் சாய்ந்து,
அதன்பாட்டுக்கு.
"மரம் நம்ம டிபார்ட்மெண்ட் இல்லே"
டேப்பைச் சுருட்டிக்கொண்டார்.
கேட்டைத் திறக்கும்போதுதான் கேட்டார்:
"உங்களுது பி கத்தாவா?
அப்ப ஃபைல் நகராது மேடம்."

நகரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேங்காய் பறிக்க ஆள் வந்தான்.
மதிலுக்கு இந்தப் பக்கம்
செம்புக் கம்பிச் சுருளோடு நின்றேன்,
ஒன்றும் கேட்காமல்.
ருத்ரப்பா கம்பியைப் பார்த்தார்.
மொட்டைமாடியில் தன் சோலாரைப் பார்த்தார்.
"இதுக்கு நெழல் உண்டா?"
மயிரிழைக்கு என்ன இருக்குமோ அது, என்றேன்.
மரமேறியிடம் ஏதோ முணுமுணுத்தார்.
அவன் நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினான்.
இறங்கியதும் என்னிடம் இருநூறு வாங்கிக்கொண்டான்.

மனுவை அவர் திரும்பப் பெறவில்லை.
நான் அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

நள்ளிரவு தாண்டி
கஜகஸ்தானில் ஒருவன் கிடைத்தான்.
வெளியே மைனஸ் பதினெட்டு என்றான்,
அடுப்பு சரியில்லை என்றான்,
உன் ஆன்டெனா என்ன என்று கேட்டான்.
தென்னை மரம், தட்டினேன்.
கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்.
மறுபடி சொல், என்றான்.

காலையில் மதிலுக்கு மேல் ருத்ரப்பாவின் தலை,
வாயில் பிரஷ்,
ஏரியில் தூண்டில் போட்டவளைக் கேட்பதுபோல:
"ஏனு சிக்து?"

தேங்காய் விளையாத ஓர் ஊர், என்றேன்.